திண்டுக்கல்லில் கோயில் நண்பர்களோடு சமைக்க, விளையாட, கைவேலை செய்ய: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிறு காலை இரண்டாம் பூசை முடிகிறது. கடைசிப் பாட்டு ஓயும் முன்பே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு கூட்டம். வெளியே வேப்பமரத்தடியில் நின்று, "என்னடா, நேத்து ஏன் வரல?" என்று ஆரம்பிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். வேலை கிடைத்துத் திண்டுக்கல் வந்த முதல் எட்டு மாதம் நான் முதல் கூட்டத்தில் இருந்தேன். வேப்பமரத்தடிக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று மனத்தாங்கல் வேறு. பிறகு ஒரு திருவிழா மறுநாள் காலையில், கரி பிடித்த அண்டா ஒன்றைத் தனியாளாகத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்கு உதவப் போனேன். அன்று சாயங்காலம் வாலிபால் ஆடக் கூப்பிட்டார்கள்.

அந்த எட்டு மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

திண்டுக்கல் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது 2003இல்தான். கோயில்கள் அதைவிட மிகப் பழையவை. நகரின் புனித வளனார் பேராலயம் 1866க்கும் 1872க்கும் இடையில் கட்டப்பட்டது. ஊரைச் சுற்றி வெள்ளோடு, பஞ்சம்பட்டி, கொசவபட்டி என்று தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் வாழும் கிராமங்கள் நிறைய உண்டு. எதிர்த்த பக்கம், 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. சபைகள். இவை தவிரப் பெந்தெகொஸ்தே சபைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

இது ஏன் தெரிய வேண்டும் என்றால், கேட்க வேண்டிய சொல் இடத்துக்கு இடம் மாறுகிறது. கத்தோலிக்கப் பங்கில் 'அன்பியம் எந்தக் கிழமை கூடுது?', 'இளையோர் இயக்கத்துக்கு யார் பொறுப்பு?' என்று கேட்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சில சேர்ந்து, மாறி மாறி ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது அன்பியம். நம் தெருவின் முகங்கள் பரிச்சயமாவது அங்கேதான். சி.எஸ்.ஐ. சபையில் 'வாலிபர் சங்கம்' என்று கேளுங்கள். ஃபாதரையோ ஆயரையோ நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் உபதேசியாரைப் பிடியுங்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும்.

நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் தயங்க வேண்டாம். நண்பனோடு வந்தவன் என்ற ஒரு அறிமுகம் போதும். எங்கள் வாலிபால் அணியில் பந்தை மிக நன்றாக எடுத்துக் கொடுத்தவர் பேகம்பூர் முஸ்லிம் பையன்.

## படி 1: நாற்காலியை எடுத்துப் போடுங்கள்

உட்காருவதற்கு இல்லை, மற்றவர்களுக்குப் போடுவதற்கு. கூட்டம் முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி ஓரம் கட்டுவது, தரைவிரிப்பைச் சுருட்டுவது, மைக் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றுவது: இந்த மூன்றையும் யாரும் கேட்காமல் மூன்று வாரம் செய்யுங்கள். நான்காவது வாரம் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் சேர்ந்துவிடும்.

குழுவில் சேர்ந்த அன்றே திட்டம் போட ஆரம்பிக்காதீர்கள். 'எங்க ஊர்ல இப்படித்தான் செய்வோம்' என்ற பேச்சை ஒரு வருசத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். மூத்தவர்கள் அண்ணன், அக்கா. அவர்களுக்கும் மூத்தவர்களைப் பெயர் சொல்லாமல் சார், டீச்சர் என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் பங்குப் பேரவையில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்.

## படி 2: ஊர்ச் சோறு எப்படிப் பொங்குகிறது என்று பாருங்கள்

சமைப்பதற்கு முன் ஒரு முறை முத்தழகுப்பட்டிக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். திண்டுக்கல்லை ஒட்டிய அந்த ஊரின் புனித செபஸ்தியார் கோயில் திருவிழா ஆகஸ்டில் வரும். நேர்ச்சை செய்தவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுப்பார்கள். அத்தனையும் கோயில் வளாகத்திலேயே வெட்டி, நறுக்கி, சமைத்து, வந்தவர்கள் எல்லாருக்கும் கறிச்சோறாகப் பரிமாறப்படும். கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று செபஸ்தியாரை உலகம் முழுதும் கத்தோலிக்கர்கள் வேண்டுவது உண்டு. இங்கே அந்த வேண்டுதல் அண்டா அண்டாவாகச் சோறாகிவிட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லா வீட்டிலிருந்தும் ஆடு வருகிறது. எல்லா வீட்டாரும் பந்தியில் உட்காருகிறார்கள். வராத வீட்டுக்குத் தூக்குவாளியில் போகிறது.

சாப்பிடுவதற்காக மட்டும் போகாதீர்கள். சமையல் நடக்கும் பக்கம் நின்று கவனியுங்கள். யார் வெங்காயம் உரிக்கிறார், யார் அடுப்பைத் தள்ளி எரிக்கிறார், உப்புப் பார்க்கும் உரிமை யாருக்கு, சோறு தீரும்போது வரிசையில் நிற்பவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் பாருங்கள். ஒரு ராத்திரியில் இவ்வளவு கற்றுக்கொடுக்கும் சமையல் வகுப்பு வேறு இல்லை.

## படி 3: ஐம்பது பேருக்கு ஒரு பிரியாணி

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நண்பர்களுக்குக் குக்கர் பிரியாணி போட்டால் மன்னிக்க மாட்டார்கள். 1957இல் நாகசாமி நாயுடு இங்கே தொடங்கிய சின்ன ஓட்டல், அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையின் பெயரில் உலகம் சுற்றி வருகிறது. அந்தச் சுவையின் முதுகெலும்பு சீரக சம்பா அரிசி. நீள அரிசியில் மசாலா மேலே பூசிக்கொண்டு நிற்கும். சீரக சம்பா அதைக் குடித்துவிடும். ஊர்க்காரர்கள் பாஸ்மதியைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணம்.

எங்கள் குழுவின் கணக்கு இது. சீரக சம்பா 5 கிலோ. வயசுப் பையன்கள் அதிகமென்றால் 6. வெள்ளாட்டுக் கறி 6 கிலோ, துண்டு சிறிசாக இருக்கட்டும். சின்ன வெங்காயம் 2 கிலோ. இஞ்சியும் பூண்டும் அரைக் கிலோ அரைக் கிலோ. தயிர் ஒரு லிட்டர், எண்ணெய் ஒரு லிட்டர், நெய் கால் கிலோ, எலுமிச்சை பத்து. புதினா, மல்லித்தழை, பச்சை மிளகாய் கண்ணளவு. தக்காளியைக் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லையென்றால் தக்காளிச் சாதமாகிவிடும். பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு மிளகும் சேர்த்துப் புதிதாக இடித்த பொடிதான் மணம்.

வெங்காயம் உரிக்க எட்டுப் பேர் வேண்டும். இதுதான் புதியவர்களின் நாற்காலி. இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து முடிப்பதற்குள் ஒருவரின் காதல் தோல்வி, இன்னொருவரின் டிஎன்பிஎஸ்சி மதிப்பெண், மூன்றாமவரின் வாடகை வீட்டுப் பிரச்சினை எல்லாம் வெளியே வந்துவிடும். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் கேட்க மாட்டார்கள். ஊற வைத்து உரித்தால் சீக்கிரம் முடியும் என்று நான் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே சொல்லவில்லை.

கறியை மசாலாவிலும் தயிரிலும் முக்கால் வேக்காடு வரை தனியாக வேகவிட்டு, அதன் பிறகு தண்ணீர் அளவைப் பாருங்கள். ஒரு படி அரிசிக்கு ஒன்றரைப் படி நீர். கறி விட்ட நீரும் தயிரும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். புதியவர்கள் தோற்பது இங்கேதான். தண்ணீர் கொதிக்கும்போது உப்பு ஒரு சொட்டுத் தூக்கலாகத் தெரிய வேண்டும், அரிசி விழுந்ததும் சரியாகிவிடும். உப்புக்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பு. நானும் இன்னொருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போட்டு, ஐம்பது பேர் அன்று தயிர் வெங்காயத்தை வைத்தே சாப்பிட்டு முடித்த வரலாறு எங்கள் குழுவுக்கு உண்டு.

இருபது நிமிடம் ஊறிய அரிசியை வடித்துப் போட்டு, நீரும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மூடி, விறகை இழுத்துவிட்டு, மூடியின் மேல் தணலை வாரிப் போடுங்கள். கால் மணி நேரம் யாரும் திறக்கக் கூடாது. திறந்து பார்க்கத் துடிக்கும் ஒரு ஆள் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைத் தயிர் வாங்க அனுப்பிவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தாளிச்சா.

வாழையிலையில் பரிமாறுங்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அது இல்லாவிட்டாலும், பிளாஸ்டிக் தட்டில் பிரியாணி பாதி மணம்தான்.

## சின்னச் செலவில் சின்னத் தீனி

ஒவ்வொரு முறையும் கறி எடுக்கக் கையில் காசு இருக்காது. சம்பளத்துக்கு முந்தின வாரம் என்றால் சிறுமலை மலைவாழைப்பழம் ஒரு சீப்பு போதும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. தோல் கறுத்தால்தான் ருசி, பச்சையாகப் பளபளவென்று இருப்பதை வாங்கி ஏமாறாதீர்கள். கோடையில் நத்தம் பக்கத்து மாம்பழம், நுங்கு. தை மாதம் பனங்கிழங்கு அவித்து மிளகும் உப்பும் தூவினால் பத்துப் பேர் பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை தவக்காலம். பல வீடுகளில் அந்த நாட்களில் கறியே எடுக்க மாட்டார்கள். தெரியாமல் தவக்காலத்தில் 'அண்ணே, பிரியாணி போடலாமா?' என்று குழுவில் கேட்டு வைக்காதீர்கள். அந்த நாட்களில் கஞ்சி காய்ச்சி, மிச்சப்படும் பணத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்.

## படி 4: வலையைக் கட்டுங்கள்

கோயில் நண்பர்களோடு விளையாடுவது பொழுதுபோக்குக்காக ஒட்டவைத்த சங்கதி என்று நினைத்தால் தவறு. 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், 1895இல் வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மார்கன் இருவருமே அமெரிக்காவில் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர்கள். கூடைப்பந்து மூச்சு வாங்கும், நடுவயது வியாபாரிகளுக்கும் ஆட ஒன்று வேண்டுமே என்று மார்கன் யோசித்ததில் பிறந்தது வாலிபால். அதே சங்கத்தின் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள் வழியாகத்தான் பல ஆட்டங்கள் நம் பள்ளி மைதானங்களுக்கு வந்தன. கோயில் வளாகத்தில் வலை கட்டுவதற்கு ஃபாதர் தயங்கினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்களுக்கு வேலை செய்தது.

புதியவர்களுக்கு என் சிபாரிசு வாலிபால்தான். டிஎன்பிஎல்லில் 2024இல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றதிலிருந்து சின்னப் பையன்கள் எல்லாம் கிரிக்கெட், கிரிக்கெட் என்று நிற்கிறார்கள். ஆனால் கிரிக்கெட்டில் ஒருவர் ஆட, இருபது பேர் வெயிலில் காய வேண்டும். பந்து கோயில் கண்ணாடியிலும் படும். வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் இடம் போதும். முறைப்படி வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் உயரம். கலந்து ஆடும்போது தாழ்ந்த உயரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து புள்ளி ஆடாமல் பதினைந்தோடு நிறுத்தினால் வெளியே நிற்பவர்களுக்கும் முறை வரும். இந்த ஊர் வெயிலுக்கு மாலை நாலரைக்கு முன்னால் தொடங்காதீர்கள். வலையையும் பந்தையும் வைக்கும் அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்குங்கள். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் பந்து திருடு போனால் கேவலம்.

அடுத்தது அணி பிரிப்பது. பழக்கம் எப்படியென்றால், மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி என்று தெருவாரியாகப் பிரிப்பது. அப்படிப் பிரிக்காதீர்கள். நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதிக்கு இன்னொரு பெயர். பீடத்தின் முன்னால் ஒன்றாக முழந்தாளிட்டவர்கள், வலையின் இரண்டு பக்கமும் பழைய பகையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வாராவாரம் புதிதாகக் குலுக்குங்கள். நட்புப் போட்டியில் 'நட்பு' என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்கிறதென்றால் அது இந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

பெண்கள் ஆட வேண்டும். 'அவங்களுக்கு எறிபந்து போதும்' என்று ஓரமாக ஒதுக்காமல், அவர்கள் கேட்கும் ஆட்டத்துக்கு அவர்கள் கேட்கும் நேரத்தில் மைதானம் கொடுங்கள். அந்த நேரத்தில் வெங்காயம் உரிக்கப் பையன்கள் உட்காரட்டும். எங்கள் பங்கில் இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் அக்காமார் பலர் கூட்டத்துக்கே வர ஆரம்பித்தார்கள்.

தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. புகையிலைப்பட்டி, உலகம்பட்டி, கொசவபட்டி ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டியே வாடிவாசல் திறக்கும். கூட்டமாகப் போய்ப் பாருங்கள், தடுப்புக்கு வெளியே நின்று. 'ஒரு தடவ இறங்கிப் பாக்கலாமே' என்று சொல்லும் நண்பனின் பேச்சைக் கேட்காதீர்கள்.

## படி 5: கைவேலை

சமையலில் கை போடத் தயங்குகிறவர்கள், ஆடத் தெரியாதவர்கள், அதிகம் பேசாதவர்கள், இவர்களுக்கெல்லாம் இடம் கிடைப்பது டிசம்பரில். நவம்பர் கடைசியிலிருந்தே நட்சத்திர வேலை தொடங்கும். மூங்கிலைப் பிளந்து சிம்பு எடுத்து, ஐந்து முனை கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டால் நட்சத்திரம். கடையில் வாங்கினால் மடித்து வைத்த நட்சத்திரம் இரண்டு நிமிடத்தில் விரிந்துவிடுமே என்பீர்கள். விரியும். ஆனால் இரண்டு நிமிடத்தில் எந்த நட்பு விரியும்?

அடுத்தது குடில். இங்கே ஒரு யோசனை. பெத்லகேமுக்குப் பனிமலை எதற்கு? பழுப்புத் தாளைக் கசக்கித் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையைப் பின்னால் எழுப்புங்கள். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை மதில் உச்சியில் தெரியட்டும். அதன் அடியில் வைக்கோல் வேய்ந்த கொட்டகை. இடையர்களுக்குச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையின் கிழிசலில் வேட்டி. பத்து நாளுக்கு முன்னால் தட்டில் கேழ்வரகு விதைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பசும்புல் தயார். பாலன் சுரூபத்தை மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவு வரை வைக்கக் கூடாது. அதுவரை அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பைக் குழுவிலேயே சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நாடகம் போட ஆசையென்றால் கதைக்குத் தொலைவில் அலைய வேண்டாம். நகரப் பேராலயத்தின் பாதுகாவலர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான வளனார். அவரையே தலைவனாக வைத்து வீரமாமுனிவர் 3615 பாடல்களில் பாடியது தேம்பாவணி. ஒரு தச்சன் காப்பியத் தலைவன் ஆன கதை. அதில் ஒரு காட்சியைப் பேச்சுத் தமிழில் எழுதி, நிஜமான தச்சாசாரி ஒருவரிடம் இழைப்புளி கடன் வாங்கி மேடையேற்றிப் பாருங்கள். ஈஸ்டர் சமயத்தில் மேட்டுப்பட்டி வியாகுல அன்னை கோயிலில் நடக்கும் பாஸ்கா என்ற பாடுகளின் நாடகத்தைப் பார்த்தால், மேடை, ஒளி, உடுப்பு எல்லாவற்றுக்கும் பாடம் கிடைக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது இரண்டு விசயம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அது சட்டம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் மேளத்தை அடக்குங்கள், அது மரியாதை.

சி.எஸ்.ஐ. நண்பர்கள் இருந்தால் அறுப்பின் பண்டிகைக்கு அழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் விளைந்ததையும் சமைத்ததையும் கையால் செய்ததையும் காணிக்கையாக வைத்து ஏலம் விடுவார்கள். நீங்கள் செய்த ஊறுகாய் பாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பது தனிச் சுகம். ஏலம் கேட்பது கோயிலுக்காக என்பதால் விலை ஏறும். அதைச் சமையலுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## படி 6: கோயில் மதிலுக்கு வெளியே

வருசத்தில் ஒரு முறையாவது குழு தனக்காக இல்லாமல் ஏதாவது செய்ய வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிறவர்கள் சாரை சாரையாகத் திண்டுக்கல் வழியே நடப்பார்கள். ஒரு பந்தல், இரண்டு பானை நீர்மோர், கால் கழுவ வாளித் தண்ணீர், கொப்புளத்துக்கு மருந்து போதும். பேனர் வேண்டாம், புகைப்படம் வேண்டாம். ஜெபப் புத்தகம் கொடுக்கும் இடமும் அது இல்லை. மோர் கொடுத்தால் மோர் மட்டும் கொடுங்கள்.

சுற்றுலா என்றால் சிறுமலை பக்கம்தான். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

## பணம், சண்டை, வீடு திரும்பும் நேரம்

குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தால்தான். நோட்டு ஒன்று, பொறுப்பாளர் இருவர். பிரியாணி முடிந்த அன்று ராத்திரியே கணக்கைக் குழுவில் போட்டுவிடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது, கொடுக்க முடியாதவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. மாணவர்களிடமும் வேலை தேடுகிறவர்களிடமும் வாங்காதீர்கள். அவர்கள் அண்டா தேய்க்கட்டும்.

வீட்டுக்குத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் முடியுங்கள். பெண் பிள்ளைகளை அடுத்த கூட்டத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் முடிவாவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

சண்டை வரும். வந்தால் வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள், நேரில் பேசுங்கள், கையில் டீயோடு.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை எடுக்காமல் வேப்பமரத்தடிக்குப் போங்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒரு நல்ல கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் அலமாரியில் இருக்கும் கத்தி எதுவும் வெட்டாது.